எறும்பு வராத மாத்திரை

ஜனவரி 11

அன்புள்ள கொசுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். சளி, இருமல் எதுவும் இல்லாமல் நலமாக இருக்கிறாயா? இங்கே முதலில் கேட்கப்படுகிற கேள்வி அதுதான். பால்காரர், தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லோரும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடியும். உன் போன கடிதத்தின் மேல் அம்மா கிருமிநாசினி தெளித்தாள். கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, இஸ்திரியும் போட்டாள். உன் கையெழுத்து ஏற்கெனவே கோழி கிளறியது, இப்போது மையும் ஊறிவிட்டது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்டாய். போனை எடுத்தாலே அம்மா, "ஸ்பீக்கர்ல போடு" என்கிறாள். திரையின் வெளிச்சமும் இடது கண்ணில் குத்துகிறது. படிப்பது முடியவே முடியாது, ஒரு வரி முடிவதற்குள் எழுத்தெல்லாம் கலங்கிவிடும். எழுதுவது மட்டும் கை பாட்டுக்கு ஓடுகிறது. ஆகவே நான் எழுதுவதை நானே ஒட்டி அனுப்புவேன், அது நமக்குள். நீ எழுதுவதை அம்மா உரக்கப் படித்துக் காட்டுவாள். பார்த்து எழுது.

புது மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. தினம் காலையில் ஒரு கேப்ஸ்யூல். போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். லிம்போசைட் என்ற வெள்ளை அணு முன்பு ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் இருந்தது, இப்போது நானூற்று முப்பதாம். டாக்டர், "எதிர்பார்த்ததுதான்" என்றார். அம்மாவுக்குக் "குறைஞ்சிருக்கு" என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

அந்தக் காத்திருப்பு அறையை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் நகத்தைக் கடித்துக் கடித்துத் தரையில் துப்பிக்கொண்டிருந்தார். எதிரில் ஒருத்தி மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் போன் பேசினாள். பெரிய ஹோட்டலில் முப்பது வருஷம் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்த நம் அம்மா என்ன செய்வாள்? கைப்பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து என் நாற்காலியைத் துடைத்தாள். துணியைத் திருப்பி, அதில் இருந்த அழுக்கை நர்ஸிடம் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கால் இழுக்கிறது, இழுத்துவிட்டுப் போகட்டும். கை இருக்கிறது. ஜூலை வரை தையல் கடையில் என் கட்டிங் டேபிளை யாருக்கும் தர மாட்டேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ரத்த அணுக்களை எண்ணுவதுதானே உன் பிழைப்பு? இந்த நானூற்று முப்பதுக்கு என்ன அர்த்தம் என்று எழுது.

உன் அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கும், இதை உரக்கப் படித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். சளி இல்லை, இருமல் இல்லை, அம்மா தாராளமாக மேலே படிக்கலாம்.

அக்கா, உன் நோயில் நடப்பது இதுதான். உடம்புக்குக் காவல் காக்க வேண்டிய அணுக்களில் சில மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுந்து நரம்பின் மேல் உறையைச் சுரண்டுகின்றன. சுரண்டிய இடம் கண் நரம்பானால் பார்வை மங்கும், காலுக்குப் போகிற நரம்பானால் கால் இழுக்கும். நீ சாப்பிடுகிற மாத்திரை அவற்றைக் கொல்வதில்லை. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுமே, அந்த முடிச்சுகளுக்குள்ளேயே தங்கவைத்துவிடுகிறது. ரத்தத்தில் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். எண்ணிக்கை குறைந்திருப்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்த அணுக்கள் பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. அவற்றில் ஒரு பகுதி நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற சுரப்பிக்குப் போய்ப் பழகிவிட்டு வெளியே வரும். எம்.எஸ். என்கிற உன் நோய்க்கான மருந்துகள் பிறப்பையே குறைக்கின்றனவா, அல்லது பிறந்ததை வெளியே விடாமல் வைக்கின்றனவா என்பதைத்தான் எங்கள் ஆய்வகத்தில் பார்க்கிறோம். புதிதாகப் பிறந்த அணுவுக்குள் ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் மிச்சமிருக்கும். பழசாகிப் பெருகிய அணுக்களில் அது அரிதாகிவிடும். வளையங்களை எண்ணினால் புதுசு எவ்வளவு, பழசு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நாள் முழுக்க இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். கொசு என்று நீ பெயர் வைத்தது சும்மா போகவில்லை.

மாத்திரையை நிறுத்தினால் ஓரிரு மாதத்தில் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் நிரந்தரமாக எதுவும் போய்விடவில்லை, பயப்பட ஒன்றுமில்லை. அம்மா, நாற்காலி துடைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 16

அன்புள்ள கொசுவுக்கு,

நலமா என்று கேட்டுவிட்டேன், நீயும் நலம் என்று சொல்லிவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு இங்கே நிறையச் சொல்ல இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மா, ஹோட்டலில் காணாமல்போன பெட்டியைப் பற்றி அறிவிப்பது போலப் படித்தாள். படித்துவிட்டு, "ஆளை உள்ள வச்சுப் பூட்டிட்டு, பயப்பட ஒண்ணுமில்லயாம்! எங்க ஹோட்டல்ல வாட்ச்மேனை ரூம்ல வச்சுப் பூட்டியிருந்தா ராத்திரிக்கு என்ன ஆகியிருக்கும்?" என்றாள். "வாட்ச்மேனே திருடனா இருந்தா பூட்டத்தானேம்மா வேணும்" என்றேன். "எல்லா வாட்ச்மேனுமா திருடன்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டு டீச்சர் நலம் விசாரிக்க வந்தாள். அனுதாபத்தில் முகம் முழுக்க ஈரம். தும்மினாள், கையால் மூக்கைத் துடைத்தாள், அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தடவி, "பாவம்" என்றாள். சீ, அந்த ஈரம் இன்னும் கன்னத்தில் ஒட்டியிருப்பது போலவே இருக்கிறது. இரண்டு நாளில் எனக்குக் காய்ச்சல், மஞ்சள் மஞ்சளாகச் சளி. ஒரு வாரம் படுக்கை. நான் துப்பிய காகிதத்தையெல்லாம் அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாற்பத்து நாலு வயதில் என் சளிக்கு ஒரு மேற்பார்வையாளர்! மானம் போகிறது என்று கத்தினேன். அவள் அடுத்த காகிதத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

இப்போது தேறிவிட்டேன். ஆனால் மாத்திரை டப்பா அம்மாவின் கைக்குப் போய்விட்டது. "இனிமே நானே எடுத்துத் தர்றேன், நீ கண்ட கையோட அதைத் தொடாத" என்றாள். தினம் காலையில் ஒரு தட்டு, தட்டில் வெள்ளைத் துணி, அதன்மேல் ஒரே ஒரு கேப்ஸ்யூல், பக்கத்தில் வெந்நீர். ஹோட்டலில் பெரிய ஆட்களுக்குக் கொண்டுபோவது போலக் கொண்டுவருகிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "தேங்ஸ்மா" என்றேன். நம் வீட்டில் யாரும் யாருக்கும் அதைச் சொன்னதில்லை, அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

உன் அக்கா

மார்ச் 3

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கு அனைவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆய்வகத்தில் அடுத்தவர் ரத்தத்தைத் தொட்ட கையோடு வீட்டுக்கு வராதே.

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அந்த ஒரு வாரமும் அவள் அறைக்கு வெளியே உட்கார்ந்து மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பாவும் இப்படித்தான், சாதாரணச் சளி என்று படுத்தார். நெஞ்சில் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நாள் கடந்திருந்தது. அப்போது நீ சின்னவன், உனக்கு நினைவிருக்காது. எனக்கு நினைவிருக்கிறது.

நீ எழுதியிருந்தாயே, நிறுத்தினால் ஓரிரு மாதத்தில் எண்ணிக்கை திரும்பிவிடும் என்று. அது ஒரு மாதமா, இரண்டு மாதமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நான் எழுதியதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். மற்றபடி எல்லாம் நலம்.

அம்மா

மார்ச் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். தாமதத்துக்குத் திட்டாதே, இங்கே மெஷின் பழுதாகி மூச்சுவிட நேரமில்லை.

கணக்காகச் சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளேன். ஆனால் அந்தக் கேள்வியே நமக்கு வேண்டாம் அம்மா. அக்கா நிறுத்தப் போவதில்லை. காய்ச்சல் வந்தது, போனது. உடம்பில் காவல் மொத்தமாக இல்லாமல் போய்விடவில்லை. அப்பாவையும் அக்காவையும் சேர்த்து முடிச்சுப் போடாதே.

நீ தனியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாய், உனக்கும் ஓய்வு வேண்டும். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மகன்

ஏப்ரல் 13

அன்புள்ள கொசுவுக்கு,

நலமா நீ? நான் நலம்! பார்த்தாயா, இந்த வருஷத்தில் முதல் முறையாகப் பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஆயிரத்து நூற்று இருபது! நானூற்று முப்பதிலிருந்து ஆயிரத்து நூற்று இருபது. பெரிய டாக்டர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். அவருடைய இடத்தில் ஒரு சின்னப் பையன், மீசைகூட இன்னும் முடிவுக்கு வரவில்லை. காகிதத்தைப் பார்த்து, "பரவாயில்லயே, நல்லா ஏறியிருக்கே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். அம்மா அந்தக் காத்திருப்பு அறையில் நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்தாள் என்றால் நம்புவாயா? வீட்டுக்கு வந்து ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

உன் தொழிற்சாலை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதா? மஜ்ஜையும் அந்தச் சுரப்பியும் என்மேல் இரக்கப்பட்டு ஓவர்டைம் பார்க்கின்றனவா?

அருவருக்க ஒன்றும் இல்லாமல் போய்விடவில்லை, கவலைப்படாதே. மேல்வீட்டு டீச்சர் தன் பழைய நைட்டிகளைத் துவைக்காமலே கொண்டுவந்து, "போட்டுக்கோம்மா, உனக்குத் தளர்வா இருக்கும்" என்றாள். வியர்வை நாற்றம் குப்பென்று அடித்தது. கேப்ஸ்யூலும் இப்போதெல்லாம் பிசுபிசுக்கிறது, நாக்கில் ஒட்டிக்கொண்டு தொண்டைக்குள் போக மறுக்கிறது. புழுக்கம் போல.

ஜூலையில் டேபிளுக்குத் திரும்பிவிடுவேன். பழைய போர்வையை விரித்து வெட்டிப் பழகுகிறேன். கழுத்து வளைவை அட்டை வைக்காமல் கண்ணளவில் வெட்டினேன், நூல் பிசகவில்லை.

உன் அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதியதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அம்மா பாடினாள் என்பதை நம்புகிறேன், ஒரு முறை நானும் கேட்டிருக்கிறேன். இங்கே நான் நலம். மெஷின் சரியாகிவிட்டது.

ஆனால் அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டுகிறேன். இது உற்பத்தியாக இருக்க முடியாது அக்கா. உன் வயதில் தைமஸின் பெரும்பகுதி கொழுப்பாகியிருக்கும், புதிய அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். மூன்று மாதத்தில் இப்படிக் குவியாது. அப்படியே பிறந்தாலும், நீ மாத்திரை சாப்பிடும்வரை வெளியே வராது. கதவு திறந்தால்தான் இந்த எண் வரும்.

நேராகவே கேட்கிறேன், கோபப்படாதே. மாத்திரையை நிறுத்திவிட்டாயா? சளிக்குப் பயந்தா, வேலைக்குச் சீக்கிரம் திரும்பவா? என் ஜனவரி கடிதத்தில், நிறுத்தினால் எண்ணிக்கை திரும்பும் என்று எழுதினேன். மீதியை, அம்மா உரக்கப் படிப்பாளே என்று விட்டுவிட்டேன். இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருந்ததெல்லாம் மொத்தமாக வெளியே வரும். சிலருக்கு முன்பு வந்ததைவிட மோசமான தாக்குதல் வரும். கண்ணோ கையோ போகலாம், போனது முழுசாகத் திரும்பாமலும் போகலாம். அம்மா படித்தால் படிக்கட்டும், இதற்கு மேல் மறைக்க முடியாது.

ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுது. அது போதும்.

அன்புடன்,
தம்பி

மே 14

அன்புள்ள கொசுவுக்கு,

நலமா? மெஷின் சரியானதில் சந்தோஷம். ஆனால் உன் கடிதம் ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாகிவிட்டது? உறை கனமாக இருந்தது, கையில் வாங்கிப் பார்த்தேன். அம்மா படித்ததோ நாலு வரி. சந்தோஷம், பாட்டு, நலம், மெஷின். "பின்பக்கம் ஒண்ணும் இல்லயா?" என்றேன். "அதெல்லாம் வெறும் விசாரிப்பு" என்று மடித்து வைத்துவிட்டாள். நான் ஆசையாகக் கேட்ட ஓவர்டைம் கேள்விக்குப் பதில்கூட எழுத நேரமில்லையா உனக்கு?

இப்போது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. கூரியரில் ரிசல்ட் வந்தது. டாக்டரை ஜூனில்தான் பார்க்க முடியும்.

ஒரு அதிசயம் கேள். அம்மாவின் வீட்டில் எறும்பு! அதுவும் எங்கே? என் மாத்திரை டப்பாவில். காலையில் தட்டில் கேப்ஸ்யூலோடு இரண்டு எறும்பு வந்தது. அம்மா முகம் வெளுத்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டு அலமாரியைக் கழுவினாள், டப்பாவை மாற்றினாள். மறுநாள் மறுபடி வரிசை கட்டி வந்துவிட்டன. அதில் ஒன்றை நான் மாத்திரையோடு விழுங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன், இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. உன் காவல் அணுக்கள் எறும்பையாவது பார்த்துக்கொள்ளுமா?

போர்வையில் வெட்டும்போது நேற்று கத்தரிக்கோல் நழுவியது. கட்டைவிரல் மரத்த மாதிரி இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அசதிதான். அதிகம் வெட்டிவிட்டேன்.

உன் அக்கா

மே 18

அம்மா,

கூரியரில் வரும் இந்தக் கடிதத்தை நீ உரக்கப் படிக்க வேண்டாம்.

நான் அக்காவைச் சந்தேகப்பட்டேன். அவளிடம் கேட்ட கேள்வியை நீ படித்தாய், படித்துவிட்டு மடித்து வைத்தாய். கண்ணோ கையோ போகலாம் என்று எழுதியிருந்ததையும் படித்தாய். அதற்குப் பிறகும் மறுநாள் தட்டில் வெள்ளைத் துணி விரித்தாய்.

அந்த மருந்துப் பொடிக்கு எறும்பு வராது அம்மா. சர்க்கரைக்குத்தான் வரும்.

நேற்று போன் செய்தேன். "எல்லாரும் நலம், சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டாய். அதன்பின் எடுக்கவில்லை. மருத்துவமனைக்கு நேராகப் பேசிவிட்டேன். நாளைக்கே அக்காவை அழைத்துக்கொள்வார்கள், வண்டி வரும். கட்டைவிரல் மரத்தது அசதி இல்லை.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குப் புரிகிறது. அப்பாவின் நெஞ்சுச் சளி, அறைக்கு வெளியே நீ உட்கார்ந்திருந்த ராத்திரிகள், எல்லாம் புரிகிறது. புரிந்தும் குமட்டுகிறது. எத்தனை நாள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சர்க்கரையைக் கொடுத்தாய்? அவள் தேங்ஸ் சொன்னாளாம். அதை எனக்குச் சந்தோஷமாக எழுதியிருந்தாள்.

டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அக்காவிடம் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதை நீ சொல்ல வேண்டும். நான் வந்து இறங்குவதற்குள் சொல்லியிருக்க வேண்டும்.

மகன்

ஜூலை 6

அன்புள்ள கொசுவுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். எழுதுவது அம்மா, சொல்வது நான். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, விடக் கூடாது. எழுதி முடித்ததும் மேல்வீட்டு டீச்சர் வந்து எனக்குப் படித்துக் காட்டுவாள், முகமூடி போட்டுக்கொண்டு. ஒரு வரி குறைந்தாலும் தெரிந்துவிடும். அவளையும் நான் நம்ப வேண்டிய காலம் வந்துவிட்டது பார்.

நீ போன பிறகு பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஸ்டீராய்டு ஏற்றியதில் முகம் வீங்கியது, அது வடிந்துவிட்டது. வலது கை மூடவில்லை. பிசியோதெரபிக்காரர் ஒரு பஞ்சு உருண்டையைக் கொடுத்து அமுக்கச் சொல்கிறார். நான் அதைப் பார்க்கிறேன், அது என்னைப் பார்க்கிறது. கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஜூலை ஒன்றாம் தேதிவரை காத்திருந்தார். எனக்குத் துணியில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பெண் இப்போது டேபிளில் நிற்கிறாள். என் கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னால் தூக்க முடியவில்லை. அம்மாதான் அலமாரியில் எடுத்து வைத்தாள்.

அம்மா என்னிடம் எப்படிச் சொன்னாள் என்று நீ கேட்டாய். அப்போது அவள் பக்கத்தில் இருந்ததால் நான் சொல்லவில்லை. இப்போது அவளே எழுதட்டும். மருத்துவமனைக் கட்டிலில், சலைன் சொட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். சர்க்கரையை மிக்ஸியில் அரைத்தாளாம். மெல்லிய துணியில் சலித்தாளாம். கட்டி இருந்தால் என் தொண்டையில் உறுத்துமே என்று சலித்தாளாம்! மருந்துப் பொடியைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, கேப்ஸ்யூல் ஓடுகளைத் துடைத்து நிரப்பியிருக்கிறாள். கண்ணோ கையோ போகலாம் என்ற உன் கடிதம் வந்த அன்று ராத்திரி பயந்தாளாம். ஆனால் எண் ஏறியிருக்கிறதே, எண் பொய் சொல்லுமா என்று நினைத்தாளாம்.

மன்னிப்புக் கேட்கவில்லை. "காய்ச்சல் வரலயே" என்கிறாள். உண்மைதான், வரவில்லை.

அம்மா பேனாவை வைத்துவிட்டாள். எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டாள்.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது கொசு. எந்தக் கை எனக்கு இதைச் செய்ததோ அந்தக் கைதான் இப்போது எனக்குச் சாப்பாடு ஊட்டுகிறது, பல் தேய்த்துவிடுகிறது, கழுவிவிடுகிறது. அதில் எப்போதும் சோப்பு வாசனை. அந்த வாசனை கிட்டே வந்ததும் வாயைத் திறந்துவிடுகிறேன். திறக்காமல் என்ன செய்வது? நீ உன்னோடு வந்துவிடச் சொன்னாய். உன் ஒற்றை அறையில் என்னை யார் கழுவுவது, நீயா? இவளைத் தவிர என் சளியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள் இந்த உலகத்தில் எனக்கு இல்லை.

வேறு மருந்துக்கு மாற்ற யோசிக்கிறார்கள். அதுவரை பழைய கேப்ஸ்யூல்தான். மறுபடி தொடங்கிய அன்று ஆறு மணி நேரம் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். எண் இறங்கத் தொடங்கிவிட்டது, எழுநூறு. டாக்டர் சொன்னதும் நான் சிரித்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

டப்பாவை என்னால் திறக்க முடியாது. ஓட்டைப் பிரிக்கக் கை இல்லை, பொடியைப் பார்த்து மருந்தா சர்க்கரையா என்று சொல்லக் கண்ணும் போதாது, எறும்பு ஊர்வது மட்டும் தெரிகிறது. அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். காலையில் கேப்ஸ்யூலை என் எதிரிலேயே பிரித்து, துளிப் பொடியை ஜன்னல் விளிம்பில் கொட்டச் சொல்கிறேன். விளிம்பின் அந்தக் கோடியில் எறும்புப் புற்று இருக்கிறது. அம்மா அதைத் தினம் கழுவிக்கொண்டிருந்தாள், இப்போது கழுவக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நான் டீ குடித்து முடிக்கும்வரை இருவரும் காத்திருப்போம். எறும்பு வந்து அந்தப் பொடியை எடுத்தால் விழுங்க மாட்டேன்.

இன்று காலை ஒன்று வந்தது. பொடியைச் சுற்றி வந்தது. அம்மாவின் கையில் ஈரத்துணி இருந்தது, முப்பது வருஷப் பழக்கம், கை தானாக ஓங்கியது. பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டு, எறும்பு போக வழி விட்டு நகர்ந்து நின்றாள். அது பொடியைத் தொடாமல் திரும்பிப் போனது.

அம்மா தட்டை நீட்டினாள். விழுங்கினேன். தேங்ஸ் சொல்லவில்லை.

கடிதத்தை எப்படி முடிப்பது என்று கேட்கிறாள். எப்போதும் போல "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதவா என்கிறாள். அதை மட்டும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

சொன்னது அக்கா
எழுதியது அம்மா